இரண்டு கொக்குவில்

எங்கள் சேர்வரில் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு கொக்குவில் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக, கொக்குவில் என்ற ஊரின் பெயரில் இரண்டு ஃபோல்டர். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க எந்தக் கணினியும் விடாது. ஆனாலும் இருந்தன. ஒன்றுக்குள் காலமான ஓர் அம்மாவின் படங்கள். மற்றதற்குள் அவரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதித் தந்த வாழ்க்கை வரலாறு. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

நான் வேலை செய்வது யாழ்ப்பாண நகரில் ஒரு சின்னப் பதிப்பு அலுவலகத்தில். கல்வெட்டு, பாடசாலை மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், மூன்று மொழி அறிக்கைகள் எல்லாம் செய்வோம். வெளியூர்க்காரருக்குக் கல்வெட்டு என்றால் பாறையில் வெட்டியதுதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். மற்ற வேலைகளில் ஒரு நாள் பிந்தினால் மன்னிப்புக் கேட்கலாம், கல்வெட்டில் அது முடியாது. அந்த நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது.

அலுவலகத்தில் பதினொரு கணினி. இங்கே ஒரே நாளில் பதினொன்று வாங்கும் வசதி யாருக்கும் இருப்பதில்லை, ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும். கணக்குப் பகுதியிலும் முன் மேசையிலும் வின்டோஸ். வடிவமைப்புக்கு இரண்டு மக், இரண்டும் ரொறன்ரோவில் இருந்து முதலாளியின் மருமகன் கொண்டுவந்து கொடுத்தவை. பகுதிநேரமாக வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் லினக்ஸ். சேர்வரிலும் லினக்ஸ்தான், நான் போட்டது. மூலையில் ஐயாவின் பழைய வின்டோஸ் எக்ஸ்பி. அதில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும். ஐயா ஒரு காலத்தில் ஈய எழுத்து அச்சுக் கோத்தவர். இப்போதும் பாமினியில் அவர் தட்டும் வேகத்துக்கு எங்களில் ஒருவரும் கிட்டப் போக முடியாது.

இதைப் பார்க்கும் எவரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “எல்லாத்தையும் ஒண்டா மாத்திப்போட்டால் உங்களுக்கு நிம்மதி.” நானும் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு கணினிக்கும் முன்னால் இருப்பவரின் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். வடிவமைக்கும் தம்பிக்கு மக்கின் குறுக்குவிசைகள் விரல் நுனியில். கணக்கு அக்காவுக்கு எக்செல். ஐயாவுக்கு நாற்பது வருட எழுத்து வேலை. இயந்திரங்களை ஒன்றாக்க வேண்டும் என்றால் இவர்களில் யாரோ ஒருவர் தன் கைப்பழக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இயந்திரங்கள் வேறாகவே இருக்கட்டும், அவற்றுக்கு நடுவில் போகிற பேச்சைச் சரியாக்குவதுதான் என் வேலை என்று அப்போது முடிவெடுத்தேன்.

கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பேச்சுக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் தொடங்கிவைத்தது. பிறகு வின்டோஸின் தாய்மொழி போல ஆகிவிட்டது. லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கு அது இயல்பில் தெரியாது. 1991 கடைசியில் கன்பெராவில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், அண்ட்ரூ ட்ரிஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் டொஸ் கணினியையும் ஒரு யுனிக்ஸ் கணினியையும் இணைக்கப் பார்த்தார். கையில் ஆவணம் எதுவும் இல்லை. கம்பியில் போய்வரும் பொட்டலங்களைப் பிடித்து, இது கேட்டால் அது வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார். பிற்காலத்தில் அந்த முறையை அவர் பிரெஞ்சுக் கோப்பிக்கடைக்கு ஒப்பிட்டார். மொழி தெரியாத ஒருவர் கடையில் இருந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொல்கிறார், பரிசாரகர் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று கவனித்தே மொழியைப் பிடித்துக்கொள்ளலாம் என்பார். வெளிநாடு போன எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அப்படித்தான் டொச்சும் பிரெஞ்சும் படித்தார்கள்!

எஸ்எம்பி என்று வரும் பெயரில் வேறொரு நிறுவனத்துக்கு உரிமை இருந்ததால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடவிட்டு, அவர் தன் செயலிக்கு எடுத்த பெயர்தான் சம்பா. எங்களுக்கு அது அரிசி, அவர்களுக்கு நடனம். 2007 செப்டெம்பரில், மற்றவர்களுக்கும் தகவல் தர வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட்டுக்கு எதிராக ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் பின் அந்த டிசெம்பரில், பத்தாயிரம் யூரோ கட்டி, மைக்ரோசொஃப்ட்டின் முறையான ஆவணங்கள் சம்பா குழுவின் கைக்கு வந்தன. பதினாறு வருடம் காதால் கேட்டே கட்டிய வீட்டுக்கு வரைபடம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. 2013 இல் அப்பிளும் தன் பழைய முறையை ஒதுக்கி, கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பியையே முதல் மொழியாக்கியது. ஆக இன்று மூன்று குடும்பமும் ஒரே மொழி பேசும். எங்கள் அலுவலகத்தில் மூன்றும் அன்றாடம் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாணவர்மேல் நன்றி வரும்.

மொழி ஒன்றுதான். பிறகு கொக்குவில் எப்படி இரண்டானது?

அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்திருந்தேன். அதுவரை பொதுக் களஞ்சியமாக இருந்தது ஒரு பழைய ஐமக். அதன் வட்டு சத்தம் போடத் தொடங்கியதால், எல்லாவற்றையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் செயலி கொண்டு புதிய லினக்ஸ் சேர்வருக்கு இழுத்தேன். ஃபைல் எண்ணிக்கை சரி, அளவு சரி. ஞாயிறு நிம்மதியாகத் தூங்கினேன். திங்கள் காலை கணக்கு அக்கா வேலைப் பதிவேட்டைத் திறந்து புதிய வேலைகளைப் பதிந்தார். அந்தப் பதிவேடு வேலை எந்த ஊரோ அந்த ஊர்ப் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லை என்றால் தானே ஒன்றை உருவாக்கும். ஊருக்கு ஒரு ஃபோல்டர் என்பது எங்கள் பழைய ஒழுங்கு.

“தங்கச்சி, அந்த அம்மாட படம் ஒண்டும் இதுக்குள்ள இல்லை” என்று அக்கா கூப்பிட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால் இரண்டு கொக்குவில். வின்டோஸில் இரண்டும் திறந்தன. மக்கில் தம்பிக்குப் பழையது திறக்கவே இல்லை. பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதும்? அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஐயா தன் கதிரையை விட்டு எழும்பி வந்து என் பின்னால் நின்றார்.

“பிள்ளை, கோண்டாவில் எத்தினை கிடக்கு?”

பார்த்தேன். “ரெண்டு ஐயா.”

“சுன்னாகம்?”

“ஒண்டுதான்.”

“மானிப்பாய்? உடுவில்?”

“ஒண்டு ஒண்டுதான்.”

“கோப்பாய்?”

“ரெண்டு.”

“அப்ப உது கொம்பும் அரவும் சேர்ந்து வாற இடத்திலதான்.”

கொம்பு என்றால் ‘ெ’, அரவு என்றால் ‘ா’. திரையில் இருந்த பட்டியலை நான் அப்போதுதான் எழுத்தாகப் பார்த்தேன். அதுவரை அது எனக்கு வெறும் பெயர்ப் பட்டியல். கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், கொடிகாமம். அன்று காலை புதிய வேலை பதிந்த ஊர்களில் ‘ஒ’வும் ‘ஓ’வும் ஏறிய எழுத்துள்ளவை எல்லாம் இரண்டிரண்டு. நல்லூர், அச்சுவேலி, சாவகச்சேரி எல்லாம் ஒன்றே ஒன்று. வேலியிலும் சேரியிலும் இரட்டைக் கொம்பு இருக்கிறது, ஆனால் பின்னால் அரவு இல்லை. அவை தப்பிவிட்டன.

சேர்வரில் இரண்டு பெயரையும் பைட் பைட்டாக அவிழ்த்துப் பார்த்தேன். அக்காவின் பதிவேடு உருவாக்கிய கொக்குவில் 30 பைட். ஐமக்கில் இருந்து வந்த கொக்குவில் 33 பைட். எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும், யூடிஎஃப்-8 முறையில், 3 பைட். ஆக ஒன்றில் பத்துக் குறி, மற்றதில் பதினொன்று. கூடுதலான அந்த ஒரு குறி ‘கொ’வுக்குள் இருந்தது. யூனிகோட்டில் ‘ொ’ என்பதற்குத் தனியாக ஓர் எண் உண்டு. அதையே ‘ெ’, ‘ா’ என்ற இரண்டு எண்ணாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது, திரையிலும் ஒன்றாகவே தெரியும். சேர்த்து எழுதுவதை என்எஃப்சி என்பார்கள், பிரித்து எழுதுவதை என்எஃப்டி என்பார்கள். பழைய மக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் வைக்கும். வின்டோஸில் விசைப்பலகை தரும் பெயர் பெரும்பாலும் சேர்த்து எழுதியதாக இருக்கும். லினக்ஸ் இதில் தலையிடாது. பைட் வேறு என்றால் அதற்குப் பெயரும் வேறு. நான் ஆர்சிங்கில் இழுத்தபோது பிரித்த பெயர்கள் அப்படியே வந்து இறங்கின. திங்கள் காலை பதிவேடு சேர்த்து எழுதிய கொக்குவிலைத் தேடியது, காணவில்லை, புதிதாக ஒன்றை உருவாக்கியது. எந்தக் கணினியும் பிழை செய்யவில்லை.

ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் அலுவலகத்தில் இது வெளியே வரவே வராது. தலைக்குறி உள்ள பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளில் வரும், கொரிய மொழியில் வரும். தமிழில் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ மூன்றிலும், உயிர் ‘ஔ’விலும் வரும். ‘ை’க்கு வராது, அதற்கு ஒரே எண்தான். இவ்வளவும் எங்கோ ஒரு அட்டவணையில் இருக்கிறது என்று எனக்குப் படித்த அறிவு உண்டு. ஆனால் கொக்குவிலையும் சுன்னாகத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டது ஐயாதான்.

நான் விளக்கியதைக் கேட்டு அவர் தலையாட்டினார். “அந்த மக் செய்தது பிழை இல்லைப் பிள்ளை. நாங்களும் அப்பிடித்தான் கோத்தது. கொ எண்டு ஒரு அச்சு பெட்டியில இல்லை. கொம்பை எடு, பிறகு க-வை எடு, பிறகு அரவை எடு. மூண்டு துண்டு.” பிறகு ஒரு கணம் யோசித்து, “எங்கட கையில கொம்பு முன்னுக்கு வரும். உங்கட மிசினில க-வுக்குப் பின்னுக்கு நிக்குது, அவ்வளவுதான்” என்றார். உண்மை. பாமினியிலும் கொம்பைத்தான் முதலில் தட்ட வேண்டும். அச்சுக்கூடத்தின் கைவழக்கமும் அந்தத் தளக்கோலமும் இதில் ஒன்றுதான்.

சரி, திருத்தம். லினக்ஸில் கான்வ்எம்வி என்று ஒரு சின்னச் செயலி இருக்கிறது. ஃபைலுக்குள் இருப்பதைத் தொடாமல் பெயரை மட்டும் ஒரு வடிவத்தில் இருந்து மற்றதற்கு மாற்றும். முதல் தடவை எதையும் மாற்றாது, என்ன மாற்றப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏற்கெனவே அதே பெயரில் ஒன்று இருந்தால் மேலே எழுதவும் மாட்டாது. ஆகவே இரட்டை ஃபோல்டர்கள் ஒவ்வொன்றையும் முதலில் கையால் ஒன்றாக்கினோம். நான் பெயர் சொல்ல, தம்பி ஃபைல்களை ஒப்பிட்டான். பின்னேரம் நாலு மணிக்குக் கொக்குவில் ஒன்றானது. மூன்றாம் நாள் அச்சுக்குப் போனது, அந்தியேட்டிக்கு முந்தின நாள் மாலை அந்த அம்மாவின் மகன் வந்து பெட்டிகளை எடுத்துப் போனார். அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆர்சிங்கில் பெயர்களை வழியிலேயே மாற்றும் வசதி 2008 இல் வந்த 3.0 பதிப்பில் இருந்தே இருக்கிறது. பழைய மக்குடன் கூடவே வருவது அதற்கு முந்தைய பதிப்பு, அதில் அந்த வசதி இல்லை. புதியதைப் போட்டு, மக்கின் யூடிஎஃப்-8 வடிவத்தில் இருந்து சாதாரண யூடிஎஃப்-8க்கு என்று சொல்லிவிட்டால் இந்தக் கதையே இருந்திருக்காது. சம்பா வழியாக, மக்கின் ஃபைல் சாளரமான ஃபைண்டரில் இழுத்துப் போட்டிருந்தாலும் மக் தானே சேர்த்து அனுப்பியிருக்கும். வேகமாக முடிக்க வேண்டும் என்று பக்கவழியால் போனேன், பெயர்கள் பழைய உடையோடு வந்து இறங்கின.

அடுத்தது ஐயாவின் எக்ஸ்பி. இதுதான் எனக்கு அதிகம் தூக்கம் கெடுத்தது. எக்ஸ்பிக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வன்னக்ரை என்ற கப்பம் கேட்கும் கிருமி உலகம் முழுக்கப் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வின்டோஸ் 10 அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்தியது. 2019 இல் சம்பாவும் தன் 4.11 பதிப்பில் அதை மூடி வைத்தது. இரண்டும் சரியான முடிவு. ஆனால் ஐயாவுக்காக நான் சேர்வரில் அதைத் திறந்தால், பத்துக் கணினிக்கும் சேர்த்துக் கதவைத் திறந்ததாகிவிடும். திறக்காவிட்டால் ஐயா தனித்தீவு. பென்டிரைவில் கொண்டு நடக்க வேண்டும், அது இன்னும் மோசம்.

எனக்கு நினைவு வந்தது தொண்ணூறுகளில் எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள். பெற்றோல் கிடைக்காத காலம். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நகரம் முழுக்க அப்படித்தான் ஓடியது. இயந்திரத்தை மாற்றவில்லை, அதற்குக் கொடுப்பதை நடுவில் நின்று மாற்றினார்கள். நானும் நடுவில் ஒன்றை வைத்தேன். கழித்துவிட்ட ஒரு பழைய கணினியில் இரண்டு நெற்வேர்க் கார்ட் போட்டு லினக்ஸ் ஏற்றினேன். ஒரு கார்டில் இருந்து ஒரே ஒரு கம்பி ஐயாவின் எக்ஸ்பிக்குப் போகிறது. அந்தப் பக்கம் மட்டும் பழைய மொழி பேசும். மற்றக் கார்ட் எங்கள் சேர்வரோடு எஸ்எம்பியின் மூன்றாம் பதிப்பில் பேசும். எக்ஸ்பிக்கு இணையம் இல்லை, வேறு எந்தக் கணினியையும் அது பார்க்காது. ஐயாவின் திரையில் ‘வேலை’ என்று ஒரு டிரைவ் தெரியும். அதில் அவர் போடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக ஓடுகிறது. பாதுகாப்புப் பற்றிக் கறாராக இருப்பவர்கள் எக்ஸ்பியையே தூக்கி எறி என்பார்கள், அந்த நியாயம் எனக்குப் புரியும். ஆனால் பேஜ்மேக்கருக்குள் இருக்கும் இருபது வருடக் கல்வெட்டுகளை ஒரு நாளில் தூக்கி எறிய முடியாது.

அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலை மெதுவாக நடக்கிறது. பாமினியில் எழுதியதை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் அங்கே அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றும் செயலிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால், அதையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். பேரப்பிள்ளைகள் இருக்கும் லண்டனும் மெல்பேர்ணும் அர்த்தமில்லாத தமிழ்க் குவியலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் கண்ணால் வாசிக்க வேண்டும். ஐயா வாசிக்கிறார்.

பெயர் வைப்பதில் இன்னும் இரண்டு சங்கதி. மக்கில் ஃபைல் பெயருக்குள் சாய்கோடு போடலாம், தம்பி திகதியை அப்படித்தான் எழுதுவான். வின்டோஸுக்குச் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் பெயரில் ஆகாது. மற்றது நீளம். வின்டோஸின் வட்டில் ஒரு பெயருக்கு 255 எழுத்து இடம் உண்டு. லினக்ஸில் 255 பைட். கேட்க ஒன்று போலத்தான். ஆனால் தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் என்றால் லினக்ஸில் 85 குறியோடு முடிந்துவிடும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் வரும். “அமரர் திருமதி” என்று தொடங்கி, முழுப்பெயர், பிறந்த ஊர், “முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இறுதித் திருத்தம்” என்று முடியும் பெயரை முன் மேசையில் வைத்தார்கள். அவர்களின் வட்டில் அழகாக இருந்தது, சேர்வரில் ஏற மறுத்தது. அக்கா நெற்வேர்க் பழுது என்று நினைத்து ரவுற்றரை மூன்று தரம் நிறுத்திப் போட்டார். இப்போது ஊர், ஆண்டு, வேலை இலக்கம் மட்டும்தான் பெயரில். மற்றதெல்லாம் பதிவேட்டில்.

மக் தான் போகும் ஃபோல்டரில் எல்லாம் புள்ளியில் தொடங்கும் குட்டிக் குட்டி ஃபைல்களை விட்டுவிட்டுப் போகும். வின்டோஸில் இருப்பவர்களுக்கு அது குப்பையாகத் தெரியும், துடைத்துவிடுவார்கள். சில பழைய எழுத்துருக் கோப்புகளின் உயிரே அந்தக் குட்டிக்குள் இருக்கும். சம்பாவில் இதற்கென்றே ஃபுரூட் என்று ஒரு பகுதி உண்டு, அதைப் போட்டபின் அந்தச் சச்சரவு நின்றது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தம்பி ஒருவனின் மடிக்கணினியில் வின்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருந்தன. லினக்ஸ் கணினியின் உள்ளே இருக்கும் மணிக்கூட்டை உலகப் பொது நேரத்தில் வைக்கும். வின்டோஸ் அதே மணிக்கூட்டை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இலங்கையில் வித்தியாசம் ஐந்தரை மணி. அவன் லினக்ஸில் வேலை செய்துவிட்டு வின்டோஸுக்குப் போனால், பின்னேரம் மூன்று மணி காலை ஒன்பதரையாகிவிடும். அப்படி ஒரு நாள் பிழைதிருத்தம் செய்தான். சேர்வரோடு ஒத்திசைக்கும் செயலி திகதியைப் பார்த்தது, சேர்வரில் இருப்பதுதான் புதியது என்று எண்ணி, அவன் திருத்திய பக்கங்களின் மேல் பழையதை எழுதியது. அரை நாள் உழைப்பு. அவன் அழாத குறை. வின்டோஸையும் பொது நேரத்தில் வாசிக்கச் சொல்லி ஒரு சின்ன மாற்றம் செய்தோம். எல்லாக் கணினியும் நேரத்தை எங்கள் சேர்வரிடம் கேட்க வேண்டும் என்று வைத்தேன். 1996 இல் இலங்கை மணிக்கூட்டை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்து வருடமும் “பழைய நேரமா, புது நேரமா” என்று கேட்டுத்தான் நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் போனோம். அப்படிக் கேட்டுப் பழகிய ஊரில் கணினிகளுக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்டு வைப்பது எனக்கு இயல்பாகவே வந்தது.

கரண்ட் போய் வருவதும் இதோடு சேர்ந்ததுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். வின்டோஸ் முந்தி எழும்பி சேர்வரைத் தேடும், சேர்வர் இன்னும் வட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். டிரைவில் சிவப்புக் குறுக்குக்கோடு விழும். ரவுற்றரும் எழும்பியதும் சேர்வருக்கு வேறு முகவரி கொடுத்துவிடும். இப்போது சேர்வருக்கும் பிறின்ரருக்கும் நிரந்தர முகவரி. முதலில் ரவுற்றர், பிறகு சேர்வர், பச்சை விளக்கு வந்தபின் மற்றவை என்று சுவிட்ச் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறது. கணினியைப் பட்டியலில் காணவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, முகவரியை நேரே தட்டிப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு இப்போது தெரியும். மற்றவர்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

எக்செலுக்கு ஒரு வரி: லினக்ஸில் இருந்து எடுக்கும் தமிழ்ப் பட்டியலை நேரே எக்செலில் திறந்தால் எழுத்து எல்லாம் சிதறும். கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் அடங்கும். பிறின்ரருக்கும் ஒரு வரிதான்: எதையும் எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

போன கிழமை இன்னொரு கணினி வந்தது, பன்னிரண்டாவது. எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் எந்தக் கணினிக்கும் முதல் வேலை ஒன்றுதான். சேர்வரில் ‘சோதனை’ என்ற ஃபோல்டரைத் திறந்து, ஐயா எழுதித் தந்த பட்டியலில் உள்ள ஊர்ப்பெயர்களில் ஒவ்வொரு ஃபோல்டர் உருவாக்க வேண்டும். பிறகு மற்ற மூன்று வகைக் கணினியிலும் அதே பெயர்களைத் திரும்பத் தட்டி உருவாக்கப் பார்க்க வேண்டும். “ஏற்கெனவே இருக்கிறது” என்று மறுத்தால் நல்லது. தம்பி தட்டினான். ஐயா பின்னால் நின்றார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி.

“கொக்குவில்?”

“விடேல்லை ஐயா. இருக்காம்.”

“கோண்டாவில்?”

“இருக்காம்.”

“தொல்புரம்?”

“அதுவும் இருக்காம்.”

“சரி” என்றார் ஐயா. பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.